வயலின் கொசுவாகாமல் இருக்க: பிக்கப்பும் எலக்ட்ரிக் வயலினும் புதிதாக வாங்குபவர்களுக்கு

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்புக்கு வாசிக்கப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய பிக்கப்பை (வயலினின் அதிர்வை மின் அலையாக்கும் துண்டு) குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில், செருகி, வயரை நேராகச் சவுண்டுக்காரரின் மிக்ஸரில் குத்திவிட்டேன். வில்லை ஒரு இழுப்பு இழுத்ததுதான் தாமதம், மண்டபம் முழுக்க ஒரு பெரிய கொசு. மேல் ஸ்தாயி காதைக் குடைகிறது, மந்தரத் தந்தி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சவுண்டுக்காரத் தம்பி ஓடி வந்து, "அண்ணே, வயலின் ரிப்பேரா?" என்றான்.

வயலினுக்கு ஒன்றுமில்லை. பிக்கப்புக்கும் ஒன்றுமில்லை. பிக்கப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருந்திருக்க வேண்டும். அது இல்லை, அவ்வளவுதான். அன்று முழுக்க மைக்கை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன்.

இப்போது வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்: "மாஸ்டர், எந்த எலக்ட்ரிக் வயலின் வாங்கலாம்?" அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதலில் வாங்க வேண்டியது அந்தப் பெட்டி. வயலின் பிறகு. பல பேருக்கு எலக்ட்ரிக் வயலின் தேவையே இல்லை. கையில் இருக்கும் வயலினே போதும்.

1. எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

அடுக்குமாடியில் குடியிருக்கிறீர்கள், ராத்திரி பத்து மணிக்குத்தான் சாதகம் செய்ய நேரம் கிடைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். இதுதான் பிரச்சினை என்றால் உங்களுக்கு வேண்டியது சைலன்ட் வயலின். யமஹா 1997-இல் இதைக் கொண்டுவந்தது. ஒலிப்பெட்டி இல்லாத உடம்பு, ஹெட்போன் மாட்ட ஓர் ஓட்டை. பக்கத்து அறைக்குக் கொசகொசவென்று கொஞ்சம் கேட்கும், சுவர் தாண்டிப் போகாது. ஒரு எச்சரிக்கை: அதே யமஹாவின் ஒய்இவி-104 பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அது மேடைக்கான வயலின். பேட்டரியும் கிடையாது, ஹெட்போன் ஓட்டையும் கிடையாது. படத்தைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

கோயிலிலோ மண்டபத்திலோ கச்சேரி, பரதநாட்டியத்துக்குப் பக்கவாத்தியம் என்றால், இருக்கும் வயலினில் பிக்கப் அல்லது கிளிப் மைக் போதும்.

டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் வைத்த இசைக்குழு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், திறந்தவெளி மேடை என்றால் அப்போதுதான் ஒலிப்பெட்டி இல்லாத எலக்ட்ரிக் வயலினைப் பற்றி யோசிக்க வேண்டும். காரணம் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் ஊளையிடுவது. சாதாரண வயலினின் வயிறு ஒரு காது மாதிரி. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை அதுவும் கேட்டு அதிரும். அதுவும் சுமார் 280 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளே இருக்கும் காற்றே சேர்ந்து முழங்கும். அந்த முழக்கம் பிக்கப்புக்குப் போய், மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, ஒரு சுற்றாகி ஊளையாகிறது. வயிறே இல்லாத வயலினுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

எலக்ட்ரிக் வாத்தியம் கச்சேரி மேடைக்கு ஆகுமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மாண்டலின் சீனிவாஸ் (1969–2014) சிறுவனாக எலக்ட்ரிக் மாண்டலினோடு மேடையேறியபோதும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வயலினே முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வெளியிலிருந்து வந்த வாத்தியம்தானே! அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

2. அந்தச் சின்னப் பெட்டி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வயலின் பிக்கப் பெரும்பாலும் பியஸோ வகை. அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு துண்டு. குதிரையின் அதிர்வு அதை அழுத்துகிறது, அது மின் அலையாகிறது. ஆனால் அது தரும் மின்சாரம் ஊற்றுக் கிணறு மாதிரி மெல்லச் சுரப்பது. கைவாளியால் இறைத்தால் தண்ணீர் இருந்துகொண்டே இருக்கும், மோட்டார் போட்டால் வற்றிவிடும். மிக்ஸரின் சாதாரண லைன் நுழைவு அந்த மோட்டார். அதன் நுழைவுத் தடை, அதாவது உள்ளே வரும் மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 10, 20 கிலோ ஓம் அளவுதான் இருக்கும். அவ்வளவு குறைந்த தடை பியஸோவை உறிஞ்சிவிடும். முதலில் சாவது கீழ் ஸ்வரங்கள். மிஞ்சுவது கொசு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்கப்பை 1 நானோ ஃபாரட் கபாஸிட்டராக வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஓமில் குத்தினால் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் எல்லாமே தேயத் தொடங்கும். அதாவது வயலின் முழுவதும். 1 மெகா ஓமில் அந்தக் கோடு 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 10 மெகா ஓமில் 16 ஹெர்ட்ஸ். பிக்கப்புக்குப் பிக்கப் இந்த எண்கள் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

இங்கேதான் நம் சங்கீதக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. மேற்கத்திய வயலினில் மிகக் கீழே இருக்கும் தந்தி 196 ஹெர்ட்ஸ். நாமோ தந்தியைத் தளர்த்தி ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கிறோம். இரண்டரைக் கட்டைச் சுருதியில் மந்தர ஸட்ஜமம் (கீழ் ஸ) சுமார் 156 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைக்கு இறக்கினால் 131. வெள்ளைக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் "1 மெகா ஓம் போதும்" என்று இருக்கும். அவர்களுக்குப் போதும். நம் மந்தரம் அந்த 160 கோட்டுக்குக் கீழே விழுகிறது. அதனால் நாம் இன்னும் உயர்ந்த தடையைத் தேட வேண்டும்.

பெட்டியின் பெயர் ப்ரீஆம்ப். மேடைக்கு வேண்டியது டி.ஐ. வசதியும், அதாவது நீளமான வயரில் மிக்ஸருக்கு இரைச்சலில்லாமல் ஒலியை அனுப்பும் வசதியும், சேர்ந்த ப்ரீஆம்ப். எல்.ஆர். பேக்ஸின் பாரா அக்கூஸ்டிக் டி.ஐ., ரேடியல் நிறுவனத்தின் பிஇசட்-டி.ஐ. இரண்டுக்கும் நுழைவுத் தடை 10 மெகா ஓம். பேக்ஸ் பெட்டி 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்திலும் ஓடும். கோயில்களில் இருக்கும் பழைய மிக்ஸர்களில் ஃபாண்டம் சில நேரம் இருக்காது, இருந்தாலும் அதன் பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் பேட்டரியில் ஓடும் பெட்டிக்கே என் ஓட்டு. வேறு கம்பெனிப் பெட்டி கிடைத்தாலும் பரவாயில்லை. பெட்டியின் விவரத்தாளில் நுழைவுத் தடை என்ன என்று மட்டும் தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

3. பிக்கப்பா, மைக்கா?

குதிரையின் பக்கவாட்டுப் பிளவில் செருகும் வகை முதலாவது. ஃபிஷ்மன் வி-200 இப்படிப்பட்டது. வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். தொடக்கத்துக்கு இது போதும். குதிரைக்குள்ளேயே பிக்கப் பதித்து வரும் வகை இன்னொன்று. ஒலி நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் குதிரையை உங்கள் வயலினின் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்த வாத்தியம் செய்பவரிடம்தான் போக வேண்டும். குதிரைக் காலுக்கு அடியில் தாமிரத் தகடு வைக்கும் ரியலிஸ்ட் போன்ற வகையும் உண்டு. மற்ற இரண்டையும்விட இதன் ஒலி கொஞ்சம் கனமாக, மரத்தின் வாசனையோடு இருக்கும். அதே காரணத்தால் சத்தமான மேடையில் ஊளையும் சீக்கிரம் வரும்.

கிளிப் மைக் வேறு சாதி. டிபிஏ 4099 போன்றவற்றை வயலின் விளிம்பில் கவ்வ வைத்தால், நீங்கள் காதில் கேட்கும் வயலினே வெளியே வரும். பியஸோவின் வறட்டுத்தனம் இருக்காது. ஆனால் அது மைக். பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கேட்கும். ஃபாண்டம் மின்சாரம் இல்லாமல் ஓடாது.

என் கணக்கு இதுதான்: குரலும் மிருதங்கமும் மட்டும் இருக்கும் அமைதியான சபைக் கச்சேரிக்கு கிளிப் மைக். பக்கத்தில் தவில் இருந்தால் பிக்கப். உருமி மேளம் இருந்தால் மைக் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

4. பிக்கப்பை மாட்டுவது

எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சி, சவுண்ட் போஸ்ட், இறுக்கம் போய் விழுந்துவிடும். அதை எஃப் ஓட்டை வழியாக மறுபடி நிறுத்துவது வீட்டில் செய்யும் வேலை அல்ல. செருகும் வகைக்குத் தந்தி கழற்றவே வேண்டாம்.

ஜாக் (வயர் குத்தும் ஓட்டை) இருக்கும் கவ்வியை விளிம்பில் மாட்டும்போது உட்கார்ந்து பாருங்கள். நின்று வாசிப்பவர்களை நினைத்துச் செய்த சாமான் இது. நாம் சம்மணமிட்டு, சுருள் தலையை வலது கணுக்கால் மேல் ஊன்றி, வயலினின் அடிப்பகுதியை மார்பில் சாய்த்து வாசிக்கிறோம். கவ்வி தப்பான பக்கம் போனால் ஜாக் நெஞ்சில் குத்தும், இல்லாவிட்டால் புடவைத் தலைப்பு சிக்கும். நேரான ஜாக் தலைக்குப் பதிலாக வளைந்த தலை உள்ள வயர் வாங்குங்கள். வயரை ஒரு சுற்று தொடைக்கு அடியில் விட்டு உட்கார்ந்தால், யாராவது கால் தட்டினாலும் இழுபடுவது வயர்தான், குதிரை இல்லை.

பிறகு குதிரை நிமிர்ந்து நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். சுருதி சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் பிருடையை (தந்தியை இறுக்கும் ஆணி) முறுக்கும்போது தந்தி குதிரையைத் தலைப்பக்கம் இழுக்கும். பிக்கப் செருகிய குதிரை சாய்ந்து விழுந்தால் இரண்டும் போச்சு. ஏர்கான் மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் கோலாலம்பூர் காற்றின் ஈரத்தில் சுருதி ஆடும், பிருடை இறுகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு வையுங்கள்.

5. வயர், ஆம்ப்

வயலினிலிருந்து ப்ரீஆம்ப் வரை போகும் வயர் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். பியஸோவின் ஒலி நீளமான வயரில் பலவீனப்படும், மண்டபத்தின் சீரியல் விளக்கு இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். பெட்டியைச் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். அங்கிருந்து மிக்ஸருக்கு மூன்று முள் உள்ள எக்ஸ்எல்ஆர் வயர். அது எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை.

வீட்டில் கிட்டார் ஆம்ப் (ஸ்பீக்கரோடு சேர்ந்த ஒலிபெருக்கி) கிடந்தால் அதில் குத்திப் பார்க்க ஆசை வரும். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் உயர் ஒலிக்கான ட்வீட்டர் இருக்காது. வயலின் போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருக்கும். வாங்குவதாக இருந்தால் அக்கூஸ்டிக் ஆம்ப் வாங்குங்கள். ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட், வீட்டு விசேஷத்துக்கும் சின்ன அரங்குக்கும் தாங்கும். ரோலண்ட் ஏசி-33 எட்டு ஏஏ பேட்டரியில் ஓடும். பத்துமலை அடிவாரத்திலோ பினாங்கு தண்ணீர்மலைச் சாலையிலோ பந்தலில் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு ஜெனரேட்டரைக் கெஞ்ச வேண்டியதில்லை.

6. எலக்ட்ரிக் வயலின்தான் வேண்டும் என்றால்

முதலில் தலையைப் பாருங்கள். சில மாடல்களில் சுருளும் இல்லை, பிருடைப் பெட்டியும் இல்லை, தலை வெறும் மொட்டை. நின்று வாசிப்பவர்களுக்கு அது வசதி. சம்மணமிட்டு வாசிப்பவருக்குக் கணுக்காலில் நிற்காது, வழுக்கும். கடைக்குப் போனால் தயங்காமல் தரையில் உட்கார்ந்து பாருங்கள். கடைப்பையன் சிரித்தால் சிரிக்கட்டும். ஜாக் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் அதே நேரத்தில் தெரிந்துவிடும்.

ஐந்து தந்தி வயலின் ஒன்று சும்மா தொட்டுப் பாருங்கள். ஒய்இவி-105 ஐந்து தந்தி. மிகக் கீழே இருக்கும் தந்தி 131 ஹெர்ட்ஸுக்காகவே செய்த தடிமனான தந்தி. ஒரு கட்டையில் நாம் தளர்த்திய தந்தி தொளதொளவென்று அலைவது போல அது அலையாது. ஆனால் குதிரை அகலமாகும், பழக நாளாகும்.

இணையத்தில் முந்நூறு நானூறு வெள்ளிக்கு வரும் எலக்ட்ரிக் வயலின் ஒன்றை நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். ஹெட்போன் வைத்ததும் ஆற்று மணல் கொட்டுவது மாதிரி ஒரு ஸ்ஸ்ஸ். பிருடை நிற்கவில்லை. ஒரு வர்ணம் முடிவதற்குள் பஞ்சமம் இரண்டு தடவை இறங்கியது. குதிரையை மாற்றி, பிருடையில் சாக்பீஸ் தேய்த்து, தந்தி மாற்றி, கடைசியில் செலவு இரட்டிப்பானது. அந்தப் பணத்துக்கு நல்ல பிக்கப் வாங்கியிருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குபவர்கள் வரியையும் கணக்கில் வையுங்கள். 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

7. மேடையில்

வயரைக் குத்தும் முன்னும் பிடுங்கும் முன்னும் சவுண்டுக்காரரிடம் ம்யூட் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "டப்" என்று ஒரு வெடி, முன்வரிசைப் பாட்டி தூக்கிவாரிப்போட்டு எழுவார்.

வயலினில் வால்யூம் இருந்தால் முக்கால் பங்கு திறந்து வையுங்கள். உங்களால் முடிந்த அளவு பலமாக வில் போட்டு, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குப் பெட்டியின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றுங்கள். பிறகு மந்தர ஸட்ஜமத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே போங்கள். ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் மண்டபம் முழங்கினால் அந்த இடத்தைத்தான் ஈக்வலைஸரில் குறைக்க வேண்டும். பெரும்பாலும் 250, 300 பக்கம் இருக்கும். வில் உரசல் கரகரவென்று கேட்டால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். ட்ரெபிளை மொத்தமாக இறக்காதீர்கள், கமகம் மங்கிவிடும். பியஸோ வறண்டது, அதனால் ரிவெர்ப், அதாவது எதிரொலி, ஒரு சிட்டிகை. ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற அளவு.

சவுண்டுக்காரரிடம் ஒரு விஷயம் கேட்டே ஆக வேண்டும்: "தம்பி, வயலினுக்கு லோ கட் எங்கே வச்சிருக்கீங்க?" வயலின் என்றாலே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. மேற்கத்திய வயலினுக்கு அது நியாயம்தான். நம் மந்தர ஸட்ஜமமோ அந்த வெட்டுக்குள் போய்விடும். 100-க்கு இறக்கச் சொல்லுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர் வயலின் முகத்தைப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஊளை வந்தால் பெட்டியில் இருக்கும் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். சில மண்டபங்களில் அதுவே போதும்.

8. மின்சாரம்

ம்ம்ம் என்று தாழ்வான இரைச்சல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டுங்கள். போகவில்லை என்றால் வயரை விளக்கு வயர்களிலிருந்து தள்ளிப் போடுங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் கம்பியைத் துண்டிக்க யாராவது கிளம்பினால் கையைப் பிடித்துத் தடுங்கள். உலோகத் தந்தியில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

சென்னையிலிருந்து வாங்கி வந்த சுருதிப் பெட்டி, அடாப்டர் எல்லாம் நம் ஊர் மின்சாரத்தில் ஓடும், பிளக் மட்டும்தான் வேறு. அதை மூன்று ஓட்டை சாக்கெட்டில் செருக, மேல் ஓட்டையில் பேனாவை விட்டுத் திறக்கும் வித்தையை நம்மில் பலர் சின்ன வயதிலேயே கற்றிருக்கிறோம். மேடையில் அது வேண்டாம். சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ள அடாப்டர் ஒன்று வாங்கி வயலின் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த அடாப்டர் என்றால் அதன் மேல் 240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள். 110 மட்டும் இருந்தால் புகைதான்.

கச்சேரி முடிந்ததும் பெட்டியிலிருந்து ஜாக்கைப் பிடுங்கிவிடுங்கள். பல ப்ரீஆம்ப்களில் ஜாக் உள்ளே இருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி முழுக்க. மறுநாள் காலை நாட்டிய அரங்கேற்றத்துக்குப் போய் உட்கார்ந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் முழுக்க 9 வோல்ட் பேட்டரி தேடி அலைந்தேன். இப்போது ரோசின் டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு கிடக்கும்.